செபஸ்தியாரின் எலும்பைத் திரும்பக் கேட்கப் போனது

வேலூரிலிருந்து சித்தூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அந்தத் தூரத்துக்கு என் மனைவி கப்பல் ஏறுகிறவனுக்குக் கட்டுவதுபோல மூட்டை கட்டினாள். புளிச்சோறு, எலுமிச்சை ஊறுகாய், ஒரு கூஜா தண்ணீர். ஆந்திரம் தனியாகப் பிரிந்து, அதன்பின் எந்தத் தாலுகா யாருக்கு என்ற சண்டையும் ஓய்ந்து, திருத்தணி நமக்கு, புத்தூரும் நகரியும் அவர்களுக்கு என்று அப்போதுதான் கோடு போட்டு முடித்திருந்தார்கள். நேற்றுவரை பக்கத்து ஊராக இருந்தது இன்றைக்கு வேறு ராஜ்யம். "அங்கே தமிழில் கேட்டால் தண்ணீர் கொடுப்பார்களோ என்னவோ" என்றாள். கொடுத்தார்கள். போன இடமெல்லாம் தமிழில்தான் கேட்டேன்.

நான் போன காரியம் சற்று விசித்திரமானது. கத்தோலிக்கர்களான நாங்கள், அர்ச்சியசிஷ்டவர் என்று திருச்சபை ஏற்றுக்கொண்ட புனிதர்களின் உடலிலிருந்து ஒரு துணுக்கையோ, அவர்கள் உடுத்திய துணியில் ஓர் இழையையோ காப்பாற்றி வைத்து வணங்குவோம். அதற்கு அருளிக்கம் என்று பெயர். எங்கள் பங்குக் கோயிலில் அர்ச்சியசிஷ்ட செபஸ்தியாரின் அருளிக்கம் ஒன்று இருந்தது. நொய்யரிசி அளவு எலும்பு. உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான வெள்ளிப் பேழை, மேலே கண்ணாடி, பின்புறம் அரக்கு முத்திரை. கொள்ளைநோய்க் காலத்தில் செபஸ்தியாரைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். பத்து வருஷத்துக்கு முன் நகரிக்குப் பக்கத்தில் வேப்பங்கண்டிகை என்ற கிராமத்தில் வாந்திபேதி கண்டபோது, அப்போது எங்கள் கோயில் குருவாக இருந்த சுவாமியார் அதை அங்கே அனுப்பிவைத்தார். மூன்று மாதத் தவணை என்று காகிதம் எழுதி வாங்கியிருந்தார். மூன்று மாதம் பத்து வருஷமாயிற்று. அவர்களும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது கேட்க வேண்டி வந்தது. எல்லை பிரிந்ததும் அந்தக் கிராமத்துக் கோயிலை இனி ஆந்திரப் பக்கத்துச் சுவாமியாரே கவனிப்பார் என்று ஏற்பாடாகிவிட்டது. அதோடு அந்தக் கோடையில் எங்கள் ஊரில் வைசூரி பரவியது. ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கப் போகிறோம், அருளிக்கத்தை வாங்கிக்கொண்டு வா என்று எங்கள் சுவாமியார் அந்தப் பழைய தவணைக் காகிதத்தைக் கையில் கொடுத்து என்னை அனுப்பினார். பதினைந்து வருஷமாகப் பங்குப் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் என்ற வேதபாடம் நடத்துகிறவன் நான். எவன் என்ன கேட்டாலும் பதில் சொல்லுவேன் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கும்தான்.

இன்னொன்றும் உண்டு. என் தம்பி லூர்துசாமி அந்த வைசூரியில் விழுந்து தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ராணிப்பேட்டையில் தனியாகத் தங்கி வேலை பார்த்த இடத்தில் பிடித்தது. அவனை நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தேன். சுகாதார இன்ஸ்பெக்டர் என் கையில் மறுபடி அம்மை குத்திவிட்டு, நீ போகலாம் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் வழியில் இதை யாரிடமும் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். வைசூரி என்ற வார்த்தையை வாயால் சொன்னால் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகிவிடும்.

முதல் நாள், சித்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இல்லை. ஐசக் என்ற கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர், புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்கர் கழுத்தில் அணிகிற உத்தரியத்தை என்னிடம் பார்த்ததுமே அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. போகிற காரியத்தைக் கேட்டார், சொன்னேன். கர்த்தரிடம் நேரே பேச வழியிருக்கும்போது நடுவில் தரகர் எதற்கு என்று அவர் தொடங்கினார். இது எனக்குப் பழக்கமான பாதை. உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் செபம் பண்ணச் சொல்வீர்களா என்று கேட்டேன். சொல்வோம் என்றார். அவர் தரகரா என்றேன்.

"ஐயரு உசிரோட இருக்காருங்க" என்றார் கம்பவுண்டர்.

"செபஸ்தியாரும் உயிரோடுதான் இருக்கிறார். அதைத்தானே நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை தோறும் விசுவசிக்கிறேன் என்று சொல்லுகிறோம்" என்றேன்.

ஆராதனை தேவன் ஒருவருக்கே. அர்ச்சியசிஷ்டவர்களுக்குக் கொடுப்பது வணக்கம். அவர்களிடம் நாங்கள் கேட்பது வரம் கூட அல்ல, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பதுதான். இதை அவருக்கு நிதானமாக விளக்கினேன். சரி, எலும்பு எதற்கு என்றார். பழைய ஏற்பாட்டில் எலிசா தீர்க்கதரிசியின் எலும்பின்மேல் பட்ட பிணம் எழுந்து நின்ற கதையை அவருக்கே ஞாபகப்படுத்தினேன். அப்போஸ்தலர் பவுலின் உடம்பில் பட்ட கைக்குட்டைகளை நோயாளிகள்மேல் போட்டார்களே, அது உங்கள் வேதத்தில் இல்லையா என்றும் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இருக்கிறது, ஆனால் எங்கள் ஐயர் அந்த அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை என்றார். சித்தூர் வந்துவிட்டது. நான் ஜெயித்த திருப்தியோடு இறங்கினேன். அவரே என்னை ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனதால் தான் தோற்றதாக அவருக்குத் தோன்றவில்லை என்றும் தெரிந்தது.

அந்தக் கடையில் சங்கடி என்றார்கள். பெயரைக் கேட்டுக் கொஞ்சம் தயங்கினேன். வந்தது நம் ஊர்க் கேழ்வரகுக் களி. கூடவே மணிலாக்கொட்டைத் துவையலும் புளிச்சகீரைக் கடைசலும். காரம் உச்சந்தலையில் ஏறியது. வேலூரில் நாங்கள் காரம் என்று சொல்லிக்கொள்வதை இங்கே குழந்தைக்கு ஊட்டுவார்கள்போல. கடை வாசலில் பெயர்ப்பலகையில் மேலே தெலுங்கு புதிதாக எழுதியிருந்தது. கீழே பழைய தமிழ் எழுத்தின்மேல் யாரோ தார் பூசியிருந்தார்கள். உள்ளே பரிமாறியவர் தமிழில் பேசி, அடுப்படிக்குத் தெலுங்கில் கத்தி, எண்களை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிதாகப் பொறுப்பேற்றிருந்த சுவாமியாரின் கையெழுத்து எனக்குத் தேவை. அவர் சித்தூரில் இல்லை. கண் வலிக்கு வைத்தியம் பார்க்கத் திருப்பதி போயிருக்கிறார் என்று கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை சொன்னார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, கண் சரியானதும் என்றார். அன்று அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் விடிந்ததும் திருப்பதி பஸ் ஏறினேன்.

அந்த பஸ் சந்திரகிரிக்கு இந்தப் பக்கமே கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் திறந்ததும் வெள்ளை ஆவி மரத்தின் உயரத்துக்கு எழுந்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். என்னைத் தவிர மற்ற அனைவரும் மலைக்குப் போகிற யாத்திரிகர்கள். மஞ்சள் துணி, மூங்கில் கூடை, முதல் முடி இறக்கப்போகிற குழந்தைகள். எனக்குப் பக்கத்தில் கடப்பைப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று. அந்த அம்மாள் தயிர்ச்சோற்றை இலையில் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, மலைக்குத்தானே என்று தெலுங்கில் கேட்டாள். எனக்குத் தெரிந்த தெலுங்கில், இல்லை, ஒரு எலும்பு வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். அவள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் பொறுமைசாலி. உங்கள் தகப்பனாருடையதா, ஆற்றில் கரைக்கவா என்று விசாரித்தான். இல்லையென்று கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். எங்கள் சாமிக்காக அம்பு தைத்துச் சித்திரவதைப்பட்ட ஒரு போர்வீரர், செத்து ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது, அவருடையது. அவன் அதைத் தன் மனைவிக்குத் தெலுங்கில் சொன்னான். அவன் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான்: "இவங்க ஆளுங்கள்ல ஒரு பெரியவர். உயிரைக் கொடுத்தார். இவங்க அவரைத் தூக்கிப் போட்டுடல." பதினைந்து வருஷமாக நான் கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட அது சுருக்கமாக இருந்தது. அந்த அம்மாள் குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, எனக்கு இரண்டாவது பிடி சோறு வைத்தாள்.

திருப்பதியில் மலையடிவாரம்வரை மொட்டைத் தலைகள், சந்தனம் பூசி வெயிலில் மின்னின. எதிரே வருகிற கூட்டத்தில் தலைமுடியோடு நடந்தவர்களை எண்ணிவிடலாம். நான் தேடிய சுவாமியார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவ ரயில்வேக்காரர் வீட்டில் பச்சைத் துணியால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குண்டூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. தமிழ் அவருக்கு வரும், ஆனால் தெலுங்கு வழியாகத்தான் வரும். வேப்பங்கண்டிகைக்கு ஒரே ஒரு முறை போயிருந்தாராம். அவர்கள் தமிழில் பிரார்த்தனை சொன்னார்கள், இவருக்குத் தெலுங்கில்தான் தெரியும். கடைசியில் லத்தீனில் தொடங்கினார், ஓரா ப்ரோ நோபிஸ், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், என்றதும் மொத்தக் கோயிலும் சேர்ந்துகொண்டதாம். நல்லவேளை, அந்த பாஷைக்கு எந்த சர்க்காரும் எல்லை போடவில்லை என்று சிரித்தார்.

என் காகிதத்தை ஒற்றைக் கண்ணால் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டபின் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் எழுதி இச்சினேன். ஆனா இந்தக் காயிதம் பார்த்து வாள்ளு இவ்வமாட்டாங்க. நீங்க அடிகி பாருங்க." கொடுக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள் என்கிறார். கேட்டுப் பார்ப்பதற்குத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் உறுதியாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் புத்தூர் பஸ். அந்தப் பஸ்ஸைப்போல ஒன்றில் நான் அதற்கு முன்னும் ஏறியதில்லை, பின்னும் இல்லை. புத்தூர்ப் பக்கம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போனது. எங்கெங்கோ இருந்து ஒடிந்த கையும் நசுங்கிய காலுமாக ஜனங்கள் அந்த பஸ்ஸில் வருகிறார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை ஒன்று என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பஸ் முழுவதும் ஒரே குரலில் முனகியது. கரும்பாலையில் காலைக் கொடுத்துவிட்ட ஒரு கார்வேட்டிநகரத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, உனக்கு எங்கே ஒடிந்தது என்று விசாரித்தார். எனக்கு எங்கும் ஒடியவில்லை என்றதும் ஏமாற்றமடைந்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலும்பு சம்பந்தமாகத்தான் வந்திருக்கிறேன் என்று இந்த முறை நான் சொல்லவில்லை.

புத்தூரில் பஸ் மாறி, நகரிக்கு முன்னால் இறங்கி, மாந்தோப்புகளின் ஊடே இரண்டு மைல் நடந்தேன். வேப்பங்கண்டிகைக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் கேட்டது. ஒரு தெருவில் நெசவுக்காரர்கள், அடுத்த தெருவில் பயிர்க்காரர்கள். இரண்டிலுமாகக் கத்தோலிக்கர் இருபது வீடு. ஓடு வேய்ந்த சின்னக் கோயிலின் சாவி ஆரோக்கியம்மாள் என்ற விதவையிடம் இருந்தது. என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர். அவர் புருஷன் அந்த ஊருக்கு உபதேசியாராக இருந்து, செபம் சொல்லிக் கொடுத்தவர். காகிதத்தைக் காட்டினேன். அவர் வாசிக்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, சாயங்கால செபத்துக்கு முன்னால் பேழையைத் துடைக்கப் போனார். நானும் கூடப் போனேன்.

பீடத்தின் பக்கத்தில் ஒரு மாடம், அதற்குள் பேழை. அவர் அதை எடுத்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். எங்கள் கோயிலில் இருந்தபோது வருஷத்துக்கு ஒருமுறை திருநாளில்தான் அதை வெளியே எடுப்போம். இங்கே தினமும் துடைக்கிறார்கள். வாந்திபேதி இது வந்தபிறகு நின்றுவிட்டதாமே என்று பேச்சுக் கொடுத்தேன். பதினோரு பேர் போனபிறகு நின்றது என்றார். கடைசியாகப் போனவர் அவர் புருஷன். அருளிக்கம் ஊருக்குள் வந்த மறுநாள்.

எனக்கு அது தெரியாது. அப்படியிருந்தும் தினமும் விளக்கேற்றுகிறீர்களே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை.

"எல்லாரும் பயந்துகினு வாசப்படி தாண்டல வாத்தியாரே. நான் இத கையில புடிச்சிக்கினு அவரு பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தேன். வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரு, இவரு ஒருத்தரு" என்றார். பேழையை மாடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

அப்போதாவது நான் தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அன்றைக்கு நான் அவர்கள் ஊரில் படுக்க வேண்டும், அவர்கள் கலயத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும். அதோடு, சொல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. கம்பவுண்டரை மடக்கியவனுக்கு இருபது வீட்டுக்காரர்கள் எம்மாத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை செபமாலை முடிந்ததும் எல்லோரும் கோயில் தரையில் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டு பேசினேன். காகிதத்தை வாசித்தேன். பிறகு உபதேசம். அர்ச்சியசிஷ்டவர்கள் மோட்சத்தில் இருக்கிறார்கள், அங்கிருந்தே நம் குரலைக் கேட்கிறார்கள். எலும்பு என்பது ஒரு ஞாபகம், மரியாதைக்குரிய ஞாபகம், அதற்குமேல் அதற்கென்று சொந்தமாக ஒரு சக்தியும் இல்லை. ஆகவே அது உங்கள் மாடத்தில் இருந்தாலும் எங்கள் கோயிலில் இருந்தாலும் உங்கள் வேண்டுதலுக்கு ஒரு குறைவும் வராது. நன்றாகப் பேசினேன் என்றே இப்போதும் நினைக்கிறேன். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

பின்வரிசையில் இருந்து சவரிமுத்து என்ற நெசவுக்காரர் எழுந்தார். விரலெல்லாம் சாயம். அவருக்குக் கோபம் இருந்தது, ஆனால் மெதுவாகத்தான் பேசினார்.

"அவரு மேல இருந்துகினே கேக்குறாரு, எலும்பு எங்க இருந்தா இன்னான்றீங்க. சரி வாத்தியாரே. அப்ப உங்க ஊர்ல இருந்து கூப்புட்டாலும் கேக்குமில்ல? நீங்க எதுக்கு இம்மாந் தூரம் வந்தீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. எலிசாவும் பவுலும் எனக்கு உதவிக்கு வரவில்லை. என் வாதத்தையே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார் மனிதர். திருத்தணியைக் கேட்டு வாங்கின மாதிரி இதையும் கேட்கிறீர்களா என்று இன்னொருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. என் தம்பி வைசூரியில் கிடக்கிறான் என்றேன். எங்கள் அப்பா இல்லை, அவனை வளர்த்தது நான்தான் என்றேன். நான் கிளம்பும்போதே அவன் முகம் அடையாளம் தெரியவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் போக எனக்கு அனுமதியில்லை, எதையாவது கையில் எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருக்கிறது, அதற்காகத்தான் வந்தேன் என்றேன். சுவாமியார் அனுப்பினார் என்பது நிஜம். அனுப்பாவிட்டாலும் வந்திருப்பேன்.

முன்னால் இருந்த பெண்கள் குழந்தைகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். அது நியாயம். நான் சட்டைக் கையைச் சுருட்டி, அம்மை குத்திய புண் புதிதாக இருப்பதைக் காட்டினேன். அவனை எட்டத்தில்தான் பார்த்தேன், தொடவில்லை என்று சொன்னேன். ஆரோக்கியம்மாள் பக்கத்தில் வந்து குனிந்து அந்தப் புண்ணைப் பார்த்தார். பிறகு சவரிமுத்துவைப் பார்த்தார். சவரிமுத்து சரியென்று தலையை ஆட்டினார். வேறு பேச்சு வார்த்தை எதுவும் நடக்கவில்லை. ஆரோக்கியம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மாடத்துக்குப் போனார்.

பேழையோடு திரும்பி வரும்போதுதான் சொன்னார். "நேத்தே சொல்லக்கூடாதா? சாயங்கால ரயிலு இருந்துச்சே வாத்தியாரே. இந்நேரம் தம்பிகிட்ட போயிருப்பீங்க."

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எந்தத் திட்டும் இப்படி என்னைச் சுட்டதில்லை.

சவரிமுத்து தம்பியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அர்ச்சியசிஷ்டவர்களின் பிரார்த்தனையைத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பதுதான் பதில். நான் பிறந்ததிலிருந்து சொல்லுகிற பதில். செபஸ்தியார் பெயர் வந்ததும் அந்த ஜனங்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, லூர்துசாமிக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள். அதன்பின் வந்த எல்லாப் பெயர்களுக்கும் அதுவே பதிலாயிற்று. அவன் அதுவரை நகரி ரயில் நிலையத்தில்கூட இறங்கியதில்லை.

பிறகு வரிசையாக வந்து பேழையை முத்தமிட்டு முத்தி செய்தார்கள். ஒவ்வொருவர் முத்தி செய்ததும் ஆரோக்கியம்மாள் கண்ணாடியைத் துடைத்தார். யாரெல்லாம் கேட்டுக்கொண்டார்கள் என்று தம்பியிடம் சொல்லுங்கள் என்று சவரிமுத்து தன் பெயரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். நான் அந்தத் தவணைக் காகிதத்தின் பின்புறத்திலேயே பென்சிலால் எழுதிக்கொண்டேன். சவரிமுத்து, அவர் மனைவி லூசியம்மா, பாக்கியநாதன், மூன்று ஞானப்பிரகாசங்கள், திரவியம், சூசையம்மா. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முனுசாமி என்ற பயிர்க்காரர் நின்றிருந்தார். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா, வேதத்தில் சேராதவர். எங்க நைனா காலத்துல இருந்து பக்கத்து வீடு, என் பேரையும் போட்டுக்கோங்க என்றார். போட்டுக்கொண்டேன். காகிதத்தில் இடமில்லாமல் ஓரத்தில் எழுதினேன்.

எனக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள். அதுவும் ஆளுக்கு ஒரு கிண்ணமாக ஏழெட்டு வீட்டுக் குழம்பு. ஏக்கப்பட்டுக்கினு போவாதீங்க, நல்லா துன்னுட்டுப் போங்க என்று சூசையம்மா சொன்னார். பேழையைச் சட்டைக்குள் மார்போடு கட்டிக்கொண்டு, நகரியில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் மாறி, காட்பாடியில் இறங்கினேன். வழியில் எதுவும் கெட்டுப்போகவில்லை, எதுவும் நிற்கவில்லை. போகும்போது மூன்று நாள் பிடித்த தூரம், வரும்போது ஒரு பகலுக்குள் முடிந்தது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லூர்துசாமி பிழைத்தான். முகம் முழுக்கத் தழும்பு, இடது கண்ணில் பார்வை போய்விட்டது. டாக்டர் காப்பாற்றினார் என்று சொல்லுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்த டாக்டருக்காகவும் நாங்கள் வேண்டிக்கொண்டோம். அதே வார்டில் எங்கள் பங்கைச் சேர்ந்த இரண்டு பேர் போய்விட்டார்கள், அவர்களுக்காகவும் நவநாள் முழுக்க வேண்டிக்கொண்டோம். இதை எந்தக் கணக்கிலும் என்னால் பொருத்திக் காட்ட முடியாது. நவநாள் முடிந்து ஊரில் நோய் அடங்கியதும் எங்கள் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அருளிக்கத்தை வேப்பங்கண்டிகைக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். இந்த முறை தவணை எழுதவில்லை. அர்ச்சியசிஷ்டவர்களைப் பற்றி நான் படித்துக் கொடுத்த பாடம் எதையும் மாற்றவில்லை. எல்லாம் சரியான பாடம்தான். கம்பவுண்டர் மறுபடி பஸ்ஸில் கிடைத்தால் எலிசாவோடு ஆரோக்கியம்மாளையும் சேர்த்துச் சொல்லுவேன்.

காட்பாடியில் இறங்கி நேரே தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். வெயில் இன்னும் சுவரில் இருந்தது. காவல்காரர் வேலியோடு நிறுத்திவிட்டார். ஜன்னல் பத்து கஜத்துக்கு அப்பால். கட்டிலை ஜன்னலோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். தம்பியின் கண் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பேழையைத் தூக்கிப் பிடித்தேன். அவனுக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும். பிறகு காகிதத்தை எடுத்து, எட்டியமட்டும் உரக்கப் பெயர்களை வாசித்தேன். காவல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"யாருண்ணா அவங்கள்லாம்?" என்று கேட்டான்.

உனக்காக வேண்டிக்கொள்ளுகிறவர்கள் என்றேன். நமக்கு என்ன உறவு என்றான். எனக்கும் நேற்றுவரை தெரியாது என்றேன்.

"இன்னொரு தபா சொல்லு" என்றான்.

நான் சவரிமுத்துவிலிருந்து தொடங்கினேன். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு பெயரும் ஜன்னலுக்குப் போய்ச் சேருகிறவரை நிறுத்தி நிறுத்தி.